தாலியை டின்னில் போட்டுவிட்டுப் பொனட்டைத் திறந்தவள்

செய்தி எங்கள் அலுவலக வட்ஸ்அப் குழுவில் வந்தது. “எமது அன்புக்குரிய சிவராஜா சேரின் துணைவியார் இன்று காலமானார். சேரின் துயரில் நாமும் பங்குகொள்கிறோம்.” நான் அப்போது கண்டிச் சந்தையில் போஞ்சி பொறுக்கிக்கொண்டு நின்றேன். பாவம் சேர் என்று நினைத்தேன். போஞ்சியை நிறுக்கக் கொடுத்துவிட்டு மறுபடியும் வாசித்தபோதுதான் உறைத்தது. சிவராஜா சேரின் துணைவியார் என்றால் திலகா. பக்கத்து மேசையில் இருந்து இத்தனை வருடம் என்னோடு சாப்பாட்டுப் பெட்டி மாற்றிச் சாப்பிட்ட திலகவதி. போஞ்சியை அங்கேயே விட்டுவிட்டு வெறுங்கையோடு தெருவுக்கு வந்துவிட்டேன்.

அந்தக் குழுவில் இருப்பவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். அது அவள் வேலை செய்த அலுவலகம். சிவராஜா சேர் அங்கே ஒருநாளும் வேலை செய்தவரல்ல. பாடசாலையில் கணிதம் படிப்பித்தவர். எங்கள் ஆள் செத்துப்போனதை எங்களுக்கே அறிவிக்க அவருடைய பெயர் தேவைப்பட்டிருக்கிறது. அவளுடைய பெயரை எழுத ஒருவருக்கும் தோன்றவில்லை. ஏனென்றால் உங்களுக்குச் சேரைத்தான் தெரியும். காரில் அந்த மஞ்சள் எஞ்சின் லைட் எரிந்தால் ஞாயிற்றுக்கிழமை அம்பிட்டியவில் இருக்கிற அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சேரிடம் காட்டுவது உங்கள் எல்லோருக்கும் வழக்கம்.

அங்கே என்ன நடக்கும் என்று உங்களுக்கு ஞாபகம் இருக்கும். சேர் முற்றத்தில் கதிரையைப் போட்டு உட்கார்ந்து உங்களோடு அரசியல் பேசுவார். பிறகு “திலகா, கொஞ்சம் வாங்க” என்பார். அவள் தேத்தண்ணீரோடு வருவாள். தட்டை வைத்துவிட்டு உங்கள் காருக்குள் தலையை விடுவாள். சாரதி இருக்கைக்கு முன்னால், காலடியில் இருக்கிற சொக்கட்டில் ஸ்கேனரைச் செருகி, அதன் சின்னத் திரையில் விழும் பிழைக் கோட் நம்பரை வாசிப்பாள். பொனட்டைத் திறந்து குனிந்து, குழாய் குழாயாக, வயர் வயராகப் பார்ப்பாள். சேர் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். அவள் மெல்லச் சொல்வதை அவர் உரத்துச் சொல்வார். நீங்கள் “நன்றி சேர்” என்று சொல்லிவிட்டுப் போவீர்கள். உங்களில் ஒருவர் என்னிடமே சொன்னீர்கள்: “பாவம் அந்தப் பொம்பிளை, சேருக்கு டோர்ச் பிடிச்சே களைச்சுப் போகுது.”

திலகா பன்விலப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, படித்து, அரசாங்க வேலைக்கு வந்தவள். கார் வேலை அவளுக்கு ஆசையால் வரவில்லை, எரிச்சலால் வந்தது. அவர்கள் வாங்கிய பழைய காரில் லைட் எரிந்துகொண்டே இருந்தது. கராஜில் ஒரு சென்சரை மாற்றினார்கள். லைட் அணைந்தது, திரும்பவும் எரிந்தது. இன்னொன்றை மாற்றினார்கள். அதே கதை. கடைசியில் கராஜ்காரர் பற்றரி வயரைக் கழற்றி மாட்டிவிட்டு, “இப்ப லைட் இல்லைதானே நோனா” என்றாராம். அன்றைக்கு அவள் ஒரு ஸ்கேனரை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். மாதக்கணக்காக வாசித்தாள். எலி கடித்த ஒரு வயரை அவளே கண்டுபிடித்தாள். சென்சரில் ஒரு பிழையும் இருக்கவில்லை.

“கோட் காய்ச்சல்னு மட்டுந்தான் சொல்லும் வாணியக்கா. கொசு எங்க கடிச்சிச்சுன்னு நாமதான் தேடணும்” என்று என்னிடம் சொல்வாள். லைட்டை அழிப்பவர்களைக் கண்டால் அவளுக்கு ஆகாது. “அழுற புள்ளைட வாயப் பொத்துற வேலை அது” என்பாள். முதலில் வாசி, எழுதி வை, காரணத்தைத் தேடு, திருத்து, அதற்குப் பிறகு அழி. இந்த ஒழுங்கை அவள் யாருக்காகவும் மாற்றியதில்லை. பக்கத்தில் நின்று நின்று எனக்கும் அந்தத் திரையை வாசிக்கத் தெரிந்துவிட்டது.

அவளுடைய மற்ற ஒழுங்குகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். இப்போது ஊரில் பேசப்படுகிற பேச்சுக்காகவே சொல்ல வேண்டும். அம்பிட்டிய முற்றம் சரிவானது. ஹேண்ட்பிரேக் போட்டிருந்தாலும் சில்லுக்குப் பின்னால் கல் வைக்காமல் அவள் பொனட்டைத் தொடமாட்டாள். எஞ்சின் ஆறும்வரை காத்திருப்பாள். எஞ்சினை ஓடவிட்டுப் பார்ப்பதென்றால் கார் திறந்த வெளியில் நிற்க வேண்டும். மழை கொட்டினாலும் கூரைக்குள் ஓடவிட விடமாட்டாள். கை உள்ளே இருக்கும் நேரம் சாவி அவளுடைய இடுப்பில் ஊசியால் குத்தப்பட்டிருக்கும், வேறு யாரும் ஸ்டார்ட் பண்ணிவிடக்கூடாது என்று. வளையல், மோதிரம் எல்லாவற்றையும் கழற்றி, குசினி யன்னலில் இருக்கும் பால்மா டின்னுக்குள் போட்டு மூடுவாள். தாலியையும் கழற்றிப் போடுவாள்.

நான் முதல்தரம் அதைப் பார்த்துப் பதறிப்போனேன். “என்ன திலகா செய்யிறீர், புருசன் கல்லுமாதிரி இருக்கேக்க?” என்று கேட்டேன்.

“அவரு இருப்பாருக்கா. குனியும்போது இந்தச் செயின் பற்றரி மேல விழுந்தா நா இருக்கமாட்டேன். பற்றரி ஒரு பக்கம், வண்டிட இரும்பு ஒரு பக்கம், நடுவுல தங்கம் பட்டுச்சுன்னா பழுக்கக் காய்ஞ்சிரும். கழுத்தோட ஒட்டிக்கும். ஃபேன்ல மாட்டுனா இன்னும் மோசம்.” பிறகு என் கழுத்தைப் பார்த்துச் சிரித்தாள். “ஒங்க யாழ்ப்பாணத்துத் தாலிக்கொடி இருக்கே, அதுல ஒரு லொறியவே கட்டி இழுக்கலாம். நீங்க கிட்டவே வராதீங்க.”

சேரின் அக்கா பூரணம் அம்மா அதே வீட்டில்தான் இருக்கிறார். தாலி டின்னுக்குள் போவதை அவர் வேறு விதமாகப் பார்த்தார். “தாலியக் கழட்டி வச்சுட்டு ஊரான் வண்டியில கை வைக்கிறவ” என்று அந்த ஒழுங்கையில் இருக்கிற வீடெல்லாம் கேட்கச் சொன்னார். கோயிலில் சொன்னார். கல்யாண வீட்டில் சொன்னார். ஊர்வாயை மூட உலைமூடி ஏது? திலகா தன் வேலையைப் பார்த்தாள். சேர் பதில் சொல்லியிருக்கலாம். “அது பாதுகாப்புக்குத்தான் அக்கா” என்று ஒரு வரி போதும். அந்த மனுசன் பேப்பரைத் திருப்பிக்கொண்டு இருந்தார்.

எங்கள் அலுவலக நிசாமை உங்களுக்குத் தெரியும். ஒருநாள் அவர் தன் காரைக் கொண்டுவந்தார். லைட்டை ஏற்கனவே யாரோ அழித்திருந்தார்கள், அது திரும்பவும் வந்திருந்தது. திலகா திரையை வாசித்தாள். எரிபொருளுக்குக் காற்று மிஞ்சிப் போகிறது என்று காட்டியது. காற்றுக் குழாய்களைப் பார்த்தாள், வெடிப்பில்லை. கொஞ்ச நேரம் எஞ்சின் பக்கம் காதை வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு சேரின் காதில் ஏதோ சொன்னாள். சேர் திரும்பி, “நிசாம், வண்டியில போனா புள்ளைக்குத் தலை வலிக்குதா?” என்று கேட்டார்.

நிசாமின் முகம் மாறிவிட்டது. “ஓம் சேர். மாத்தளைக்குப் போய் வந்தா புள்ள வாந்தி. பொண்டாட்டியும் தலையப் புடிச்சிக்கிட்டு படுத்துருவா. மலைப்பாதை, அதான் எண்டு நெனச்சோம்.”

புகை வெளியேறும் இரும்புக் குழாய் எஞ்சினோடு சேரும் இடத்தில் வெடித்திருந்தது. வெடிப்பால் புகை கசிந்து, முன்கண்ணாடிக்குக் கீழே உள்ள துவாரத்தால் காருக்குள் போய்க்கொண்டிருந்தது. அந்தப் புகையில் மணமே இல்லாத நஞ்சு இருக்கிறது. தூங்குகிற பிள்ளை தூங்கியபடியே போய்விடும். திலகா சாவியைத் திருப்பிக் கொடுக்கவில்லை. இழுத்துக்கொண்டு போகிற வண்டி வந்த பிறகுதான் கொடுத்தாள். அன்று மட்டும் அவள் சேரின் காதில் சொல்லவில்லை, நிசாமிடம் நேரே சொன்னாள்: “புள்ளைய இதுல ஏத்தாதீங்க. பஸ்ஸில கூட்டிட்டுப் போங்க.” நிசாம் அதற்கும் சேரைப் பார்த்துத்தான் தலையாட்டினார்.

சேர் ஓய்வு பெற்றபோது பாடசாலையில் ஒரு பாராட்டு விழா வைத்தார்கள். நிசாம் மேடையேறி இந்தக் கதையைச் சொன்னார். கண்கலங்கச் சொன்னார், பொய் சொல்கிற மனிதரல்ல அவர், கண்டதைச் சொன்னார். “சேர் இல்லாட்டி எங்கட புள்ள இல்ல” என்றார். மண்டபம் கைதட்டியது. சேர் எழுந்து கும்பிட்டார். திலகா இரண்டாம் வரிசையில் என் பக்கத்தில் இருந்து தானும் கைதட்டினாள்.

அன்று சேரைப் பழைய மாணவர்கள் விருந்துக்கு அழைத்துப் போய்விட்டார்கள். நாங்கள் இருவரும் குட்செட் பஸ் நிலையம்வரை நடந்தோம். “ஏன் நீர் வாயைத் திறக்கேல்லை?” என்று கேட்டேன்.

“பேர் யாருக்குப் போனா என்னக்கா. லைட்டு எதுக்கு எரிஞ்சதுன்னு எனக்குத் தெரியும்.”

எனக்கு அந்தப் பதில் அன்றும் பிடிக்கவில்லை, இன்றும் பிடிக்கவில்லை. பொம்பிளைகள் இப்படிச் சொல்லிச் சொல்லித்தான் ஊர் கெட்டது என்று சண்டை பிடித்தேன். அம்பிட்டிய பஸ் வந்தது. ஏறும்போது திரும்பி, “கொஞ்சம் வலிக்கத்தான் செஞ்சிச்சுக்கா. அவரு கும்பிட்டதுதான்” என்றாள்.

அவள் இறந்தது ஒரு ஞாயிறு மத்தியானம். சேர் சாப்பிட்டுவிட்டுத் தூங்கியிருக்கிறார். அவர்களுடைய காரில் ஏதோ சத்தம் என்று அவள் பொனட்டைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். அங்கேயே விழுந்தாள். மாரடைப்பு என்று டொக்டர் தெளிவாகச் சொன்னார். அவளுடைய அம்மாவும் அப்படித்தான் போனவர். ஆனால் நான் அந்த வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்கு முன்னமே ஒழுங்கை முழுக்க வேறு கதை ஓடிக்கொண்டிருந்தது. கரண்ட் அடித்துவிட்டதாம். சேர் தூங்கின நேரம் பார்த்துத் தெரியாத வேலையில் கை வைத்தாளாம்.

நான் நேரே சேரிடம் போனேன். அவரிடம் இரண்டு பேர் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தார்கள். சேர் சால்வையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “நா வேணாம் வேணாம்னு சொல்லிக்கிட்டேதான் இருந்தேன். கேட்டாத்தானே” என்றார்.

என் காதால் கேட்டேன். துக்கத்தில் வாய் தடுமாறியது என்று நீங்கள் சொல்வீர்கள். நான் அப்படி எடுக்கவில்லை. அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனபோது சாவி இடுப்பில் குத்தியபடியே இருந்ததாம். சாவி இடுப்பில் என்றால் எஞ்சின் ஓடவில்லை. சில்லுக்குப் பின்னால் கல் வைத்தபடி இருந்தது. அந்தப் பற்றரி தோலைச் சுடும், நெருப்புப் பறக்க வைக்கும்; ஆளைக் கரண்ட் அடித்துக் கொல்ல அதனால் முடியாது. அந்த வீட்டில் இதெல்லாம் தெரிந்திருந்த ஒரே ஆள் வெள்ளை விரிப்பில் கிடந்தாள். அவள் செய்த வேலையின் பெயர் அவருக்குப் போனது, அவள் செய்யாத பிழையின் பழி அவளுக்கு வந்தது. இது நடந்த வீட்டில்தான் நீங்கள் எல்லோரும் சோடா குடித்துக்கொண்டு இருந்தீர்கள்.

பிறகு தாலி நாடகம். அவளுடைய கழுத்து வெறுமையாக இருந்ததைக் கண்டு பூரணம் அம்மா தலையில் அடித்துக்கொண்டார். “கழட்டாத கழட்டாதன்னேன். இப்பப் பாருங்க.” நான் குசினிக்குப் போய் டின்னைத் திறந்து தாலியை எடுத்துக்கொடுத்தேன். அதை அவளுக்குப் போட்டுப் பட்டுச் சேலை உடுத்தி, குங்குமம் வைத்து, தலை நிறையப் பூ வைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் அதே பூரணம் அம்மா வந்தவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: “புருசனுக்கு முந்திப் பூவும் பொட்டுமாப் போறா. குடுத்து வச்சவ.” எல்லோரும் ஆமாம் என்றார்கள்.

நிசாமும் வந்து சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று நாலு வார்த்தை பேசினார். சேர் தன் பிள்ளையைக் காப்பாற்றிய கதையைச் சொல்லி, “அந்த வீட்டுக்குப் போனா முகங்கோணாம டீ தந்தவங்க இவங்க” என்று முடித்தார். நான் பேச எழுந்தேன். “நேரம் போகுது, பெட்டிய மூடணும்” என்று யாரோ என் தோளைப் பிடித்து உட்காரவைத்தார்கள். பெட்டியை மூடுவதற்கு முன்னால் பூரணம் அம்மா குனிந்து தாலியைக் கழற்றினார். “தங்கத்தையா எரிப்பாங்க?” என்றார். அவள் உயிர் தப்பக் கழற்றினால் குற்றம், இவர்கள் பெட்டிக்குள் கழற்றினால் புத்தி. ஆண்கள் மயானத்துக்குப் போன பிறகு நான் முற்றத்துக்குப் போனேன். பொனட் இன்னும் திறந்தபடியே இருந்தது, யாரோ அதன்மேல் குடையைத் தொங்கவிட்டிருந்தார்கள். ஸ்கேனரைக் கழற்றி டின்னுக்குள் வைத்து மூடினேன். பொனட்டையும் மூடினேன்.

கருமாதி அன்று மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு நிசாம் சேரிடம் வந்தார். அவர் இப்போது ஹைபிரிட் கார் வைத்திருக்கிறார், பெரிய பற்றரியில் பாதி ஓடுகிற கார். “சேர், இந்த நேரத்துல கேக்கக் கூடாது. வார வழியில லைட் பத்திட்டுது. புள்ளைகளும் உள்ளுக்கு ஈக்கிறாங்க. ஒருக்காப் பாருங்களேன்.”

சேர் எழுந்து முற்றத்துக்குப் போனார். கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பழக்கத்தில் குசினிப் பக்கம் ஒருதரம் திரும்பிப் பார்த்தார். அங்கே இருந்து ஒருவரும் வரவில்லை. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். சபை முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது.

“பற்றரி வயரக் கழட்டிக் கொஞ்ச நேரம் விடுங்க. லைட் போயிரும்” என்றார்.

திலகா வாழ்நாள் முழுக்க வெறுத்த வேலையை அவளுடைய கருமாதிச் சோறு ஆறுவதற்குள் அவர் சொன்னார். நிசாம் நல்ல பிள்ளைபோல ஸ்பனரை எடுத்துக்கொண்டு, பிள்ளைகளை இறக்கிவிட்டு, பின்சீட்டுப் பக்கத்து மூடியைத் திறந்தார். விரலில் வெள்ளி மோதிரம். கையில் இரும்புச் சங்கிலி மணிக்கூடு. உள்ளே செம்மஞ்சள் நிறத்தில் தடித்த வயர் தெரிந்தது. அந்த நிற வயரைக் கண்டால் திலகா கையைப் பின்னால் கட்டிக்கொள்வாள். “இது கொல்லும். இதுக்கு மேல வீட்டுல பாக்கக் கூடாது. எங்க நிறுத்தணும்னு தெரியாதவங்க ஆரம்பிக்கவே கூடாது” என்பாள்.

“கையை எடுங்கோ நிசாம்” என்றேன். நான் கத்தியிருக்க வேண்டும், பந்தியில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். “மோதிரத்தைக் கழட்டுங்கோ. மணிக்கூட்டையும்.”

குசினிக்குப் போய் டின்னை எடுத்துவந்தேன். முற்றத்தில், எல்லோருக்கும் முன்னால், என் தாலிக்கொடியைக் கழற்றி அதற்குள் போட்டேன். பூரணம் அம்மா “ஐயோ, கருமாதி வீட்டுல என்ன வேலை இது?” என்று ஓடிவந்தார். என் கணவர் அங்கேதான் இருந்தார். “விடுங்கோ, அவ தெரிஞ்சுதான் செய்யிறா” என்றார். அந்த ஒரு வரிதான். இத்தனை வருடமாகச் சேரிடமிருந்து நான் எதிர்பார்த்ததும் அந்த ஒரு வரிதான்.

சில்லுக்குப் பின்னால் கல் வைத்தேன். ஸ்கேனரைச் செருகி வாசித்தேன். பெரிய பற்றரி சூடாகிவிட்டது என்று காட்டியது. பின்சீட்டுப் பக்கத்தில் அதற்குக் காற்றுப் போகிற துவாரம் இருக்கிறது. நிசாம் புதிதாகப் போட்ட சீட் உறை அதை முழுக்க மூடியிருந்தது. உறையை இழுத்து எடுத்தேன். “கோட் நம்பரை நான் அழிக்கேல்லை. இப்படியே ஹைபிரிட் தெரிஞ்ச ஆளிட்டக் காட்டுங்கோ. அந்தப் பற்றரிக்குள்ள நானும் கை வைக்கமாட்டன், நீங்களும் வைக்கக் கூடாது. பிள்ளையள் வேற வாகனத்தில போகட்டும்.”

நிசாம் என்னையும் டின்னையும் மாறி மாறிப் பார்த்தார். “இதெல்லாம் சேர்க்கிட்டப் படிச்சீங்களா?”

“திலகாவிட்ட.”

அவர் ஸ்பனரைக் கீழே வைத்தார். “அப்ப அன்டைக்கு... புள்ளைக்குத் தலைவலியா எண்டு கேட்டது?”

“ஓம். அதுவும் அவதான்.”

நிசாம் சேரைப் பார்த்தார். சேர் சால்வையைச் சரிசெய்துகொண்டு, “நா செஞ்சேன்னு நா ஒரு நாளும் சொன்னதில்லியே” என்றார். உண்மைதான். அவர் ஒருநாளும் சொன்னதில்லை.

அன்று பின்னேரம் நிசாம் குழுவில் எழுதினார். பிள்ளையைக் காப்பாற்றியவர் சேர் அல்ல, திலகவதி அம்மாதான், இத்தனை வருடம் தெரியாமல் இருந்துவிட்டேன், அவர் முகத்துக்கு நேரே ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை என்று மனம் நொந்து எழுதியிருந்தார். நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். முதல் பதில் வந்தது. “தன் பெயரையும் மனைவிக்கே விட்டுக்கொடுத்த சேரின் பெருந்தன்மைக்குத் தலைவணங்குகிறோம்.” அதற்குக் கீழே வரிசையாகக் கும்பிடுகள். இவர்களை என்ன செய்வது, சொல்லுங்கள்.

நான் குழுவிலிருந்து விலகிவிட்டேன். அதனால்தான் இதை எல்லோரும் வாசிக்கும்படி இங்கே எழுதுகிறேன். என்னிடம் அவளுடைய பால்மா டின் இருக்கிறது. கேட்டுத்தான் எடுத்துவந்தேன், பழைய டின்தானே என்று பூரணம் அம்மா தந்துவிட்டார். ஸ்கேனர் அதற்குள்தான் இருக்கிறது. யாருக்காவது எஞ்சின் லைட் எரிந்தால் ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு வாருங்கள், எனக்குத் தெரிந்ததைப் பார்த்துச் சொல்கிறேன், தெரியாததைத் தெரியாது என்றும் சொல்கிறேன். வருகிறவர் முற்றத்தில் வைத்து, யாரிடம் படித்தது என்று என்னைக் கேட்க வேண்டும். பதில் சொன்ன பிறகுதான் தாலியைக் கழற்றுவேன்.